சரமதிச் சிகரமும் அதன் காடுகளும்

இந்திய நாட்டின் கீழ்த்திசை எல்லையில், நாகாலாந்து ராஜ்யமும் பர்மா என முன்னர் வழங்கிய மியான்மர் நாடும் சந்திக்கும் மலைத்தொடரில், சரமதி என்னும் சிகரம் அமைந்துள்ளது. நாகாலாந்தின் மலைகள் அனைத்திலும் இதுவே உயர்ந்தது. இதன் உயரம் 3,826 மீட்டர் எனச் சில நூல்களும், சுமார் 3,840 மீட்டர் எனச் சில நூல்களும் குறிக்கின்றன. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுடையது. எனவே சரமதி அதனினும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஓங்கி நிற்கிறது. குளிர்காலத்தில் இதன் உச்சியில் வெண்பனி படிகிறது.

சிகரத்தின் மேற்குச் சரிவு கிபிரே மாவட்டத்தைச் சேர்ந்தது. முன்னர் துவென்சாங் மாவட்டத்தின் ஒரு பகுதியாயிருந்த கிபிரே 2004ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. சிகரத்திற்கு அண்மையிலுள்ள இந்தியக் கிராமம் தானமீர் ஆகும். யிம்கியுங் நாகர்கள் வாழும் இச்சிற்றூர் ஆப்பிள் விளைச்சலுக்கும் பெயர் பெற்றது. கிழக்குச் சரிவு மியான்மரின் சகாயிங் பிரதேசத்தைச் சேர்ந்தது. அங்கும் நாகர்களே வாழ்கின்றனர்.

எளிதிற் சென்றடைய இயலாத இம்மலையைப் பற்றித் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் அறிந்துகொள்ள வேண்டுவது என்ன? பூகோளம், பௌதிகம், தாவரவியல், சமூக வாழ்க்கை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பதைக் காட்ட இதனினும் சிறந்த உதாரணங்கள் சிலவே உள. அன்றியும், காடு ஒன்றைக் காப்பவர் யார் என்னும் வினாவிற்கு இம்மலை தரும் விடை, எப்பகுதியிலும் பணிபுரியும் களப்பணியாளருக்குப் பயன்படக்கூடியது.

எல்லைக் கோடு ஏற்பட்ட விதம்

வரைபடத்தில் சரமதியின் மீது செல்லும் கோடு பழங்காலந்தொட்டு இருந்துவந்ததன்று. 1826ஆம் ஆண்டில் யாந்தபோ உடன்படிக்கையின் மூலம் பர்மிய அரசர் அஸ்ஸாம், மணிப்பூர் ஆகிய நாடுகளின் மீதிருந்த உரிமையைக் கைவிட்டார். அதன் பின்னரும் நாக மலைகளின் உட்பகுதி நெடுங்காலம் எவருடைய நேரடி ஆட்சிக்கும் உட்படாமலே இருந்தது. 1870ஆம் ஆண்டுகளில் காட்வின் ஆஸ்டின், வுட்தார்ப் முதலிய நில அளவை அதிகாரிகள் இம்மலைகளில் பணிபுரிந்தனர். அப்பணி ஆபத்து நிறைந்ததாக இருந்தது. 1875ஆம் ஆண்டில் ஓர் அளவைக் குழு தாக்கப்பட்டு, அதனோடு சென்ற ஹோல்கோம்ப் என்பவரும் பலரும் உயிரிழந்தனர். தங்கள் நிலத்தை அந்நியர் கருவிகொண்டு அளப்பதன் நோக்கத்தை மலைமக்கள் ஐயுற்றதில் வியப்பொன்றும் இல்லை.

1937ஆம் ஆண்டில் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவினின்றும் தனியே பிரிக்கப்பட்டது. அதுகாறும் ஒரே ஆட்சியின் இரு பகுதிகளுக்கு இடைப்பட்டதாக இருந்த கோடு அப்பொழுது இரு நாடுகளுக்கு இடைப்பட்ட எல்லையாயிற்று. இரு நாடுகளும் விடுதலை பெற்ற பின்னர், 1967ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் ரங்கூனில் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1,643 கிலோமீட்டர் நீளமுள்ள இந்திய மியான்மர் எல்லையில் 215 கிலோமீட்டர் நாகாலாந்தைச் சார்ந்தது.

எல்லை வகுத்தோர் மலைமக்களின் குடியிருப்பைப் பின்பற்றி அதனை வகுக்கவில்லை. ஆகையால் ஒரே குலத்தினர் இரு நாட்டினராயினர். வடக்கே மோன் மாவட்டத்திலுள்ள லோங்வா என்னும் கிராமத்தில் எல்லைக்கோடு கிராமத் தலைவரின் இல்லத்தின் ஊடே செல்கிறது. உறவினரைக் காணவும், பண்டமாற்றுச் செய்யவும் மலைவாசிகள் குறிப்பிட்ட தொலைவு வரை எல்லை கடந்து செல்லப் பல ஆண்டுகள் அனுமதிக்கப்பட்டிருந்தனர். 2024ஆம் ஆண்டில் அரசாங்கம் இவ்வேற்பாட்டைக் கடுமையாக்கியது. மனிதருக்கு இங்ஙனம் விதிகள் உண்டு. விலங்குகளும் பறவைகளும் விதைகளும் நெருப்பும் எல்லைத் தூணை அறியமாட்டா. இதனைப் பின்னர்க் காண்போம்.

நீரைப் பிரிப்பது எம்மேடு?

மலைத்தொடரின் முகடு நாட்டின் எல்லையாகவும், ஆறுகளைப் பிரிக்கும் மேடாகவும் ஒருங்கே அமைவது உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கண்டு பழகிய நாம், முகட்டின் ஒருபுறம் பெய்யும் மழை ஒரு கடலுக்கும் மறுபுறம் பெய்யும் மழை மற்றொரு கடலுக்கும் செல்லும் என எண்ணுவது இயல்பு. சரமதியில் நிலைமை வேறு.

நாகாலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள தோயாங், திக்கு முதலிய ஆறுகள் அஸ்ஸாம் சமவெளிக்கு இறங்கிப் பிரம்மபுத்திராவில் கலக்கின்றன. கிபிரே மாவட்டத்தில் ஓடும் சுங்கி போன்ற ஆறுகளோ டீசூ ஆற்றிற் சேருகின்றன. டீசூ தென்கிழக்காகத் திரும்பி, எல்லையைக் கடந்து, மியான்மரின் சிந்துவின் ஆற்றை அடைகிறது. சிந்துவின் ஐராவதியிற் கலந்து அந்தமான் கடலுக்குச் செல்கிறது. சரமதியின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழையும் சிந்துவினையே சென்றடைகிறது. ஆகவே பிரம்மபுத்திராவையும் ஐராவதியையும் பிரிக்கும் மேடு சரமதிக்கு மேற்கே உள்ளது. சரமதி ஓங்கி நின்றபோதிலும், அதன் இரு தோள்களிலும் பெய்யும் மழை பல நூறு கிலோமீட்டர் சுற்றி மீண்டும் ஒன்றாகின்றது. உயரமான மேடு எதுவோ அதுவே நீர்பிரி மேடு என்று கொள்வது தவறு என்பதை ஆசிரியர்கள் இவ்வுதாரணத்தால் விளக்கலாம்.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் பெறப்படும். சரமதியின் மேற்குச் சரிவிலுள்ள காடு அழியுமாயின் அதன் விளைவு இந்தியாவோடு நிற்பதில்லை. மண் கரைந்து கலங்கிய வெள்ளம் அண்டை நாட்டின் ஆற்றையும் அடையும்.

மலையின் பிறப்பு

இந்திய நிலப்பலகை கிழக்கு நோக்கி பர்மிய நிலப்பலகையின் அடியிற் புகுந்து வருவதால் இம்மலைகள் எழுந்தன. அங்ஙனம் புகும்பொழுது, இடையிலிருந்த பழைய கடலின் தரை முழுவதும் ஆழத்திற்குச் சென்று மறையவில்லை. அதன் ஒரு பகுதி பிய்ந்து மேலே தள்ளப்பட்டு, மலைகளின் நடுவே ஒரு நீண்ட பட்டையாகக் கிடக்கிறது. இவ்வகைப் பாறைத் தொகுதி ஒபியோலைட்டு எனப்படும். நாகாலாந்தின் கிழக்கு விளிம்பிலும் மணிப்பூரிலும் இப்பட்டை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் செல்கிறது.

மேற்கிலிருந்து கிழக்காகச் செல்லும் ஒருவர் முதலில் திசாங் எனப்படும் களிப்பாறை அடுக்குகளைக் காண்பார். அவை எளிதிற் சிதைந்து சரியும் தன்மையன. அடுத்துக் கரும்பச்சை நிறமுடைய ஒபியோலைட்டுப் பாறைகளைக் காண்பார். இவற்றிடையே ரேடியோலேரியா என்னும் நுண்ணிய கடலுயிர்களின் கூடுகள் படிந்து உண்டான பாறையும் உண்டு. ஒரு காலத்தில் ஆழ்கடலில் மிதந்த உயிர்களின் எச்சம் இன்று மேகங்கள் தவழும் மலையிற் கிடப்பது எண்ணி வியத்தற்குரியது. அதற்கும் கிழக்கே, சரமதியைச் சார்ந்த உயர்ந்த பகுதிகளில், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறைகள் காணப்படுகின்றன. இப்பிரதேசத்தில் சுண்ணாம்புக்கல், குரோமியக் கனிமம், நிக்கல் கலந்த இரும்புக் கனிமம் ஆகியவை உள்ளமை அறியப்பட்டுள்ளது.

நிலப்பலகைகளின் இயக்கம் இன்றும் ஓயவில்லை. 1988ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இவ்வெல்லைப் பிரதேசத்தில் 7க்கு மேற்பட்ட அளவுடைய பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. செங்குத்தான சரிவு, எளிதிற் சிதையும் பாறை, கனத்த மழை, பூகம்பம் ஆகிய நான்கும் கூடிய இடத்தில் மண்ணைப் பிடித்து நிறுத்துபவை மரங்களின் வேர்களே.

உயரத்தை அளத்தல்

ஒரே சிகரத்திற்கு இருவேறு உயரங்கள் தரப்படுவது மாணவரைக் குழப்பக்கூடும். தொலைவிலிருந்து ஒரு சிகரத்தின் உயரத்தை அளக்கும்பொழுது எதிர்ப்படும் இடர்களை அறிந்தால் அக்குழப்பம் நீங்கும்.

தியோடலைட்டு என்னும் கோணமானியால் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உச்சியை நோக்குவதாகக் கொள்வோம். இத்தொலைவில் கோணத்தில் ஒரு கலை, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, பிழை நேர்ந்தாலும் உயரத்தில் ஏறத்தாழ 12 மீட்டர் பிழை உண்டாகும். பூமி உருண்டையாயிருப்பதால் அத்தொலைவிலுள்ள பொருள் சுமார் 125 மீட்டர் தாழ்ந்து தோன்றும். இதனைக் கணக்கிட்டுக் கூட்டவேண்டும். மேலும், காற்றின் அடர்த்தி கீழிருந்து மேலாகக் குறைவதால் ஒளிக்கதிர் வளைந்து வருகிறது. இதனால் சிகரம் உண்மையினும் சற்று உயர்ந்து தோன்றும். இவ்வுயர்வு மேற்கூறிய தாழ்வில் சுமார் ஏழில் ஒரு பங்கு, அதாவது 18 மீட்டர் அளவினது. ஆயின் இது காலையிலும் நண்பகலிலும் மாறுபடும். எனவே கருவி எத்துணை நுட்பமானதாயினும், காற்றின் நிலையைச் சரியாக அறியாவிடில் சில மீட்டர் வேறுபாடு தவிர்க்க இயலாதது. பல இடங்களிலிருந்து பல முறை நோக்கிச் சராசரி காண்பதன் காரணம் இதுவே.

பள்ளியில் இதனைச் செய்து காட்டுவது எளிது. பாகைமானி ஒன்றில் நூலையும் கல்லையும் கட்டித் தொங்கவிட்டு, கோயிற் கோபுரத்தின் உயரத்தை மாணவர் ஐவர் தனித்தனியே அளக்கட்டும். ஐந்து விடைகளும் ஒன்றாயிரா. அவ்வேறுபாடே நல்லதொரு பாடமாகும்.

அடுக்கடுக்கான காடுகள்

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் காற்றின் உஷ்ணநிலை சராசரியாக 6.5 டிகிரி சென்டிகிரேடு குறையும். 800 மீட்டர் உயரமுள்ள ஆற்றுப் பள்ளத்தில் 28 டிகிரி இருக்கும்பொழுது, 3,800 மீட்டர் உயரத்தில் அது 8 அல்லது 9 டிகிரியாகவே இருக்கும். உச்சியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேற்பட்டதாகும். அங்கே தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆதலால் அரிசி வேக நெடுநேரமாகும்.

இவ்வுஷ்ண வேறுபாட்டுக்கேற்பக் காடுகளும் அடுக்கடுக்காக மாறுகின்றன. தாழ்ந்த பள்ளங்களில் மூங்கிலும், வெப்ப மண்டலத்து மரங்களும் செழித்துள்ளன. அவற்றின் மேல் அகன்ற இலையுடைய மரங்களும், இடையிடையே காசிப் பைன் மரங்களும் வளர்கின்றன. இரண்டாயிரம் மீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் ஓக்கு, மக்னோலியா முதலிய குளிர்நிலத்து மரங்கள் அடர்ந்துள்ளன. இவ்வடுக்கில் ஆண்டின் பெரும்பகுதி மேகம் தவழ்கிறது. மரங்களின் அடிமுதல் கிளைவரை பாசி போர்த்திருக்கும். ஆர்க்கிடுகளும் பெரணிகளும் அதன்மேல் வேரூன்றியிருக்கும்.

மேகக் காட்டின் சிறப்பு யாதெனில், மழை பெய்யாத நாளிலும் அது நீரைச் சேர்க்கிறது. தவழும் மேகத்திலுள்ள நுண்துளிகள் இலைகளிலும் பாசியிலும் படிந்து, ஒன்றுகூடிச் சொட்டி, மண்ணிற் சேருகின்றன. மட்கிய சருகு அந்நீரைப் பஞ்சுபோல் ஈர்த்துச் சிறிது சிறிதாக ஊற்றுகளுக்கு விடுகிறது. இப்பகுதிக்குப் பெரும்பாலான மழை மே முதல் அக்டோபர் வரை பெய்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் மலைக் கிராமங்களுக்குக் குடிநீர் தருபவை இவ்வூற்றுகளே. சிற்றூர்கள் பெரும்பாலும் ஆற்றுப் பள்ளத்தில் இல்லாமல் மலைத்தோள்களில் அமைந்திருப்பதால், ஊற்று வற்றினால் பெண்கள் நெடுந்தூரம் இறங்கிச் சென்று நீர் சுமக்க நேரிடும்.

இன்னும் மேலே செல்லச் செல்ல மரங்கள் குட்டையாகி, சிறுமூங்கிலும் ரோடோடெண்டிரான் என்னும் பூமரங்களும் மிகுகின்றன. இளவேனிலில் சரிவுகள் சிவந்து தோன்றுவது இம்மலர்களால் ஆகும். இப்பேரினத்தைச் சேர்ந்த மரம் ஒன்று நம் நீலகிரியிலும் ஆனைமலையிலும் காட்டுப்பூவரசு என வழங்குகிறது. அதன் நெருங்கிய சுற்றத்தில் பெரும்பகுதி இமயத்திலும் கீழ்த்திசை மலைகளிலும் இருக்க, இஃது ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தென்னாட்டில் நிற்கிறது. குளிர் மிகுந்திருந்த பண்டைக் காலத்தில் இவ்வினம் பரந்து விரிந்திருந்தது என்றும், வெப்பம் மிகுந்தபொழுது மலையுச்சிகளில் மட்டும் எஞ்சியது என்றும் விஞ்ஞானிகள் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின் மலையுச்சி ஒவ்வொன்றும் நிலத்தின் நடுவே அமைந்த ஒரு தீவு எனலாம்.

படைச்சிறுத்தையின் இருப்பிடம்

நாகாலாந்தின் அரசுப் பறவையாகிய பிளைத் டிராகோபன் இவ்வுயர்ந்த காடுகளின் தரையிலே இரை தேடி வாழ்வது. காட்டுக்கோழியினத்தைச் சேர்ந்த இப்பறவையின் சேவல் செந்நிறமும் வெண்புள்ளிகளும் உடையது. தானமீருக்கு அண்மையிலுள்ள பாகிம் வனவிலங்குச் சரணாலயம் இப்பறவைக்குப் பெயர்பெற்றது.

பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த விலங்குகளுள் படைச்சிறுத்தை குறிப்பிடத்தக்கது. உடலில் மேகத் திட்டுகள் போன்ற படைகள் இருப்பதால் மேகச் சிறுத்தை எனவும் இதனை அழைப்பர். மரமேறுவதில் மிகத் திறமை வாய்ந்தது. உடலளவை நோக்க இதன் கோரைப்பற்கள் மிக நீளமானவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இடம்பெற்றுள்ளது.

2020ஆம் ஆண்டு சனவரி முதல் சூன் வரை, இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள், தானமீர் கிராமத்தின் 65 சதுர கிலோமீட்டர் சமுதாயக் காட்டில் தானியங்கிப் புகைப்படக் கருவிகளை அமைத்தனர். விலங்கின் உடல் வெப்பத்தையும் அசைவையும் உணர்ந்து தாமே படமெடுக்கும் கருவிகள் இவை. ஆய்வுக் குழுவில் தானமீர் கிராமத்தினரும் உறுப்பினராக இருந்து உழைத்தனர். 3,700 மீட்டர் உயரத்தில் படைச்சிறுத்தையின் படம் கிடைத்தது. அடர்ந்த தாழ்நிலக் காட்டின் விலங்கு என்றே பெரும்பாலும் கருதப்பட்டு வந்த இது, சிகரத்தின் உச்சிக்குச் சற்றே கீழ்ப்பட்ட இடத்திலும் நடமாடுவது இதனால் உறுதியாயிற்று. வளர்ந்தவற்றோடு குட்டிகளும் படத்திற் காணப்பட்டன. எனவே அது வழிதவறி வந்த விலங்கன்று, அக்காட்டிலேயே ஈன்று வாழ்வது எனத் துணியலாம்.

மியான்மரின் பக்கத்திலும் சிந்துவின் கரையை ஒட்டிப் பெருங்காடுகள் உள்ளன. 1974ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தமந்தி வனவிலங்குச் சரணாலயம் 2,150 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சரமதி முதலிய மலைகளின் காடு அறுபடாமல் தொடர்ந்திருக்கும் வரையில்தான் இருபுறத்து விலங்குகளும் ஒன்றோடொன்று கலந்து பெருக இயலும்.

காட்டிற்கு உரியவர் எவர்?

பாகிம் சரணாலயத்தின் பரப்பு ஆறரைச் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. படைச்சிறுத்தை படமெடுக்கப்பட்ட தானமீர்க் காடோ அதனைப்போல் பத்து மடங்கு. முன்னது அரசாங்கத்தின் காவலில் உள்ளது. பின்னது கிராமத்தாருக்கு உரியது. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து நோக்கினால் நாகாலாந்தின் நிலைமை தெளிவாகும். அந்த ராஜ்யத்திலுள்ள வனங்களில் சுமார் 88 விழுக்காடு கிராமங்களுக்கும், குலங்களுக்கும், தனி மனிதருக்கும் உரியவை. இந்திய அரசியல் சட்டத்தின் 371 ஏ பிரிவு, நிலத்தின் மீது நாகர்களுக்குள்ள வழக்க உரிமைகளைக் காக்கிறது. ஆகவே இங்கே காடு நிற்பதும் வீழ்வதும் வன அதிகாரியின் உத்தரவால் அன்று, ஊர்ச்சபையின் தீர்மானத்தால் ஆகும்.

மக்களின் உணவு பெரும்பாலும் ஜூம் எனப்படும் புனச் சாகுபடியினின்றும் கிடைப்பது. குளிர்காலத்தில் ஒரு சரிவின் மரங்களை வெட்டி உலரவிட்டு, மழைக்கு முன்னர் எரித்து, சாம்பல் படிந்த மண்ணில் நெல், தினை, கிழங்கு, காய்கறிகளைக் கலந்து விதைப்பர். ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் அந்நிலத்தைக் காடாக வளரவிட்டு வேறிடம் செல்வர். நிலம் நெடுநாள் ஓய்வு பெறும் வரை இம்முறை காட்டை அழிப்பதில்லை. மக்கட்பெருக்கத்தால் ஓய்வுக் காலம் குறையும்பொழுதே மரங்கள் வளர நேரமின்றி மண் இளைக்கிறது. ஆதலின் புனச் சாகுபடி செய்வோரைக் காட்டின் பகைவர் எனப் பழிப்பது உண்மைக்குப் பொருந்தாது.

இதற்கு மாற்று வழியும் நாகர்களிடமே உண்டு. கோகிமாவுக்கு அண்மையிலுள்ள கோனோமா கிராமத்தார் நிலத்தில் ஆல்டர் மரங்களை வளர்க்கின்றனர். இம்மரத்தின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணிற் சேர்க்கின்றன. மரத்தை வேரோடு வெட்டாமல் தலையை மட்டும் தறித்துவிட்டு அடியிற் பயிரிடுவர். தறித்த இடத்தில் மீண்டும் கிளைகள் துளிர்க்கும். இதனால் ஒரே நிலத்தில் அடிக்கடி பயிரிட இயலுகிறது. அதே கிராமத்தார் 1998ஆம் ஆண்டில் தங்கள் காட்டின் ஒரு பகுதியை டிராகோபன் சரணாலயமாக்கி, வேட்டையைத் தாமே தடைசெய்தனர். முன்னாளில் சிறந்த வேட்டைக்காரர் எனப் பெயரெடுத்த ஒரு சமூகம் இங்ஙனம் தீர்மானித்தது சிறிய செயலன்று.

எதிர்நோக்கும் ஆபத்துகள்

முதலாவது ஆபத்து தீ. 2020 டிசம்பர் 29ஆம் நாள், நாகாலாந்து மணிப்பூர் எல்லையிலுள்ள சூக்கோ பள்ளத்தாக்கில் தீப்பற்றி, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எரிந்தது. அங்கே நிலத்தை மூடியுள்ள சிறுமூங்கில் குளிர்காலத்தில் உலர்ந்து எளிதிற் பற்றிக்கொள்வது. சரமதியின் மேற்சரிவுகளிலும் நெருப்பைக் கவனமின்றி விட்டுச் செல்வோரால் இத்தகைய தீங்கு நேரக்கூடும். சாலையோ தண்ணீரோ எட்டாத உயரத்தில் பற்றிய தீயை அணைப்பது அரிது.

இரண்டாவது, பூமியின் வெப்பநிலை உயர்ந்து வருவது. ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி என்னும் கணக்கின்படி, வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், முன்னிருந்த குளிரைப் பெறத் தாவரங்கள் சுமார் 150 மீட்டர் மேலே நகர வேண்டும். மலையை ஒரு கூம்பாகக் கருதி, 3,000 மீட்டருக்கு மேற்பட்ட குளிர் அடுக்கை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் 826 மீட்டர். அடுக்கின் அடி 154 மீட்டர் மேலேறினால் எஞ்சுவது 672 மீட்டர். கூம்பின் பரப்பு உயரத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறைவதால், எஞ்சும் பரப்பு முன்னிருந்ததில் மூன்றில் இரண்டு பங்கே ஆகும். ஒரே டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு இழப்பு! உண்மை மலை கூம்பன்று என்பதால் இக்கணக்கு தோராயமானதே. ஆயினும் உச்சியில் வாழ்வனவற்றுக்கு மேலே ஒதுங்க இடமில்லை என்பதை இது தெளிவாக்கும்.

மூன்றாவது ஆபத்து, அதிகமாகப் பேசப்படாதது. எவ்வூற்று எம்மாதத்தில் வற்றும், எம்மரம் எப்பொழுது பூக்கும், எச்சரிவில் எவ்விலங்கு நடமாடும் என்பவற்றை ஊர் முதியோர் அறிவர். இவ்வறிவு ஏட்டில் எழுதப்படாதது. இளைஞர் கல்விக்கும் வேலைக்குமாக நகர்களுக்குச் செல்லச் செல்ல, கேட்டறிவார் இன்றி அது மறையும். தானமீரில் கருவிகளை எங்கே அமைப்பது என்பதற்கு ஊராரின் அறிவு உதவியது போன்ற வாய்ப்பு பின்னர்க் கிட்டாது.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

மலைப்பகுதிகளில் பணிபுரியும் களப்பணியாளர் எவரும், தாம் காணும் தாவரம், விலங்கு, ஊற்று ஆகியவற்றைக் குறிக்கும்பொழுது நாள், இடம், கடல்மட்டத்திற்கு மேலுள்ள உயரம் ஆகிய மூன்றையும் தவறாது எழுதவேண்டும். உயரம் குறிக்கப்படாத குறிப்பு பிற்காலத்தில் ஒப்பிடுதற்குப் பயன்படாது. உள்ளூர்ப் பெயரையும், அதனைக் கூறியவர் சொன்ன விவரத்தையும் உடன் எழுதுவது நன்று. வழிகாட்டியாக வரும் ஊராரைச் சுமை தூக்குவோராக மட்டும் கருதாமல், ஆய்விற் பங்கு பெறுவோராகக் கருதி, கண்டறிந்தவற்றை அவ்வூரிலேயே விளக்கிக் கூறவேண்டும். தானமீரில் பயன் விளைந்தது இவ்வழியாலேயே ஆகும்.

ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு தம் ஊருக்கருகிலுள்ள குன்றையோ, ஏரியையோ, சுனையையோ ஆண்டு முழுவதும் கவனித்துக் குறிப்பெழுதச் செய்யலாம். சுனையில் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என மாதந்தோறும் அளந்து வந்தாலே போதும். சில ஆண்டுகளில் அது விலைமதிப்பற்ற பதிவாகும். ஊர் முதியோரிடம் கேட்டறிந்த பெயர்களையும் செய்திகளையும் அக்குறிப்பேட்டில் சேர்க்கலாம்.

சரமதியின் உச்சியில் நிற்கும் எல்லைக்கோட்டை இரு அரசாங்கங்கள் காக்கின்றன. அதன் சரிவிலுள்ள காட்டைக் காத்து வருவது ஒரு சிற்றூரின் மன உறுதி. அவ்வுறுதி நிலைக்குமாயின் ஊற்று வற்றாது, மண் சரியாது, படைச்சிறுத்தையும் தன் குட்டிகளோடு அங்கே வாழும். அதனைத் தளரவிடாமல் துணைநிற்பது, அறிவியலைக் கற்றோர் அம்மக்களுக்குச் செய்யத்தக்க பணியாகும்.